லயத்துக்கு வந்த ஆண்ட்ரூஸ்



வரலாற்றுப் பாடம் என்றதும் நம் பிள்ளைகள் மன்னர்களையும் போர்களையும் நினைத்துக்கொள்கிறார்கள். சோழர் கடாரம் கொண்டதையும் மலாக்காவைப் போர்த்துகீசியர் பிடித்ததையும் ஆண்டு தவறாமல் ஒப்பிப்பார்கள். லயத்தில் வாழ்ந்த நம் பாட்டனுக்கும் பாட்டிக்கும் வரலாறு உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த ஒரு வகுப்பில் ஒரு நாள் நாம் சொன்ன கதையைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறோம். இது ஓர் ஆங்கிலேயரின் கதை. அவர் பெயர் சார்லஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ். கிறிஸ்து பெருமானின் போதனையை அப்படியே வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று புறப்பட்ட அவரை, அந்தப் போதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? கரும்புத் தோட்டத்துக் கூலி லயத்தின் வாசலில்.

நேயர்களில் பெரும்பாலோர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதும், சிலர் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்பதும் நமக்குத் தெரியும். இந்த உரை இரு சாராருக்கும் உரியது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற நம் பெண்களை எண்ணிப் பாரதியார் பாடிய பாட்டைக் கேட்டிராத தமிழர் குறைவு. அதே தீவுக்குத்தான் ஆண்ட்ரூஸ் போனார்.

முதலில் அந்தப் போதனை என்ன என்று பார்ப்போம். கட்டளைகளில் பெரியது எது என்று கேட்டபோது, இறைவனை முழு உள்ளத்தோடு நேசிப்பதும், தன்னைப் போலவே அயலானையும் நேசிப்பதும்தான் என்று இயேசு பெருமான் சொன்னதாக வேதாகமம் கூறுகிறது. கேட்டவர் சட்டம் படித்தவர், விடவில்லை. "அயலான் என்பவன் யார்?" என்று மடக்கினார். அதற்கு விடையாக வந்ததே நல்ல சமாரியன் கதை. கள்ளர்களிடம் அடிபட்டு ஒருவன் வழியோரம் குற்றுயிராய்க் கிடக்கிறான். கோயில் பணி செய்கிறவர் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவதாக வந்தவன், அடிபட்டவனின் சனம் இழிவாக நினைத்து ஒதுக்கிய இனத்தான். அவன் காயத்தைக் கட்டி, தன் கழுதை மேலேற்றி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குக் காசும் கொடுத்துவிட்டுப் போகிறான். அயலான் என்பது பக்கத்து வீட்டுக்காரன் மட்டுமில்லை என்பது கதையின் பொருள்.

மத்தேயு எழுதிய நூலில் இன்னொரு பகுதி உண்டு. நியாயத் தீர்ப்பு நாளில் மன்னர் மக்களைப் பிரித்து நிறுத்துகிறார். பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, அந்நியனுக்கு இடம் கொடுத்தாயா, நோயாளியைப் பார்த்தாயா, சிறையில் கிடந்தவனிடம் போனாயா என்பவைதாம் அவர் கேட்கும் கேள்விகள். அந்த எளியவர்களில் ஒருவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்று மன்னர் சொல்கிறார். எத்தனை முறை ஆலயத்துக்கு வந்தாய் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்ட்ரூஸின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது இந்தப் பகுதியே.

இங்கே ஒரு சங்கடமான செய்தியையும் சொல்லியாக வேண்டும். நம் முன்னோரைக் கப்பலேற்றிய தோட்ட முதலாளிகளும் கிறிஸ்தவர்களே. அவர்கள் வீட்டிலும் அதே வேதாகமம் இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, அதற்காகப் பல ஆண்டு போராடியவர்களில் பலர் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். அச்சட்டப்படி இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. அது அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று. அடிமைகளாய் இருந்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அப்படிப் பெரும் தொகை பெற்றவர்களில் ஒருவர் ஜான் கிளாட்ஸ்டன். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை இவர். லிவர்பூல் வட்டாரத்தில் தேவாலயங்கள் கட்டிக் கொடுத்த புண்ணியவான். அடிமைகள் கைவிட்டுப் போகிறார்களே, கரும்பை யார் வெட்டுவது என்று கவலைப்பட்ட இவர், இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் வரவழைக்க ஏற்பாடு செய்தார். 1838 மே மாதம் அந்த முதல் கப்பல்கள் பிரிட்டிஷ் கயானாவில் போய்ச் சேர்ந்தன. உலகின் பல மூலைகளுக்கு நம்மவர்களைக் கொண்டுபோன ஒப்பந்தக் கூலி முறை மேற்கிந்தியப் பகுதியில் இவ்வாறு காலூன்றியது.

ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசல் நகரில் பிறந்து, பர்மிங்காமில் வளர்ந்தார். தந்தையார் ஒரு சிறு திருச்சபையின் ஊழியர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். தாயாருக்கு வந்த சொத்தைப் பாதுகாக்கும் பொறுப்பில் குடும்ப நண்பர் ஒருவர் இருந்தார். அவர் அப்பணத்தைச் சூதாட்டம் போன்ற வியாபாரத்தில் போட்டுத் தொலைத்துவிட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் தந்தையார் குடும்பத்தாரைக் கூட்டி, ஏமாற்றிய அந்த நண்பருக்காக உருக்கமாகப் பிரார்த்தனை செய்தார். நீதிமன்றத்துக்குப் போகவில்லை. குடும்பம் வசதியான வீட்டைவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போயிற்று. மத்தேயுவைப் படித்து விளங்கிக்கொள்வதற்கு முன்பே அந்தப் பிள்ளை இதைக் கண்ணால் பார்த்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் படித்து முடித்த ஆண்ட்ரூஸ், லண்டனின் தென்பகுதியில் வால்வொர்த் என்ற ஏழைகள் குடியிருப்பில் ஊழியம் செய்தார். 1897இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானார். 1904இல் டில்லிக்கு வந்து செயிண்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியரானார். இரண்டு ஆண்டுகளில் அக்கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டார். ஆங்கிலேயரையே நியமிப்பது வழக்கம். ஆண்ட்ரூஸோ, தம்மைவிட நீண்ட காலம் அங்கே பணி செய்த சுசீல் குமார் ருத்ரா என்ற வங்காளக் கிறிஸ்தவர் இருக்கும்போது வேறொருவரை எப்படி நியமிக்கலாம் என்று வாதாடினார். ருத்ரா முதல்வரானார், ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே வேலை செய்தார். ஒரு தோட்டத்துத் துரை, நம் கிராணியாரின் உத்தரவைக் கேட்டு வேலை செய்வதை எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய அதிசயம் இது.

அப்போது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நம்மவர்களின் துயரம் உச்சத்தில் இருந்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார், தமிழரும் தெலுங்கரும். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்க விரும்பியவர்கள், தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் வந்தது. மாதச் சம்பளம் 10 ஷில்லிங் என்றால், 3 பவுன் என்பது ஆறு மாத உழைப்பு. புருஷனுக்கு ஒன்று, பெண்சாதிக்கு ஒன்று, வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. கட்ட முடியாதவன் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். வரி போட்டவர்களின் நோக்கமும் அதுவே. 1913இல் இதை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் இந்தப் போராட்டத்தில்தான். சிறையில் பிடித்த காய்ச்சல் அந்தப் பதினாறு வயதுப் பெண்ணை 1914 பிப்ரவரியில் கொண்டுபோய்விட்டது.

அங்கே போய் உதவ ஆள் வேண்டும் என்று கோகலே கேட்டபோது ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் நிதிக்குக் கொடுத்தார். பிறகு தாமே புறப்பட்டார். நண்பர் வில்லியம் பியர்சன் உடன் சென்றார். 1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆண்ட்ரூஸ், "திரு. காந்தி எங்கே?" என்று கேட்டார். பக்கத்திலேயே நின்றிருந்த, தலை மழித்து, ஒப்பந்தக் கூலியைப் போல முரட்டு வெள்ளைத்துணி உடுத்திய மெலிந்த மனிதரைக் காட்டினார்கள். சுடப்பட்ட தொழிலாளர்களுக்குத் துக்கம் காக்கும் கோலம் அது. ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். ஒரு வெள்ளைக்காரர், அதுவும் ஒரு பாதிரியார், ஒரு கறுப்பு மனிதரின் காலைத் தொடுவதா என்று அந்த ஊர் வெள்ளையர் பத்திரிகைகள் கொதித்தன. அந்தப் பயணத்தின்போதே இங்கிலாந்தில் நோயுற்றிருந்த அன்னையார் காலமானதாகத் தந்தி வந்தது. கடைசி நேரத்தில் அவரால் தாயின் பக்கத்தில் இருக்க முடியவில்லை. இந்தியப் பெண்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். காந்திஜிக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தைக்கு அவர் துணை நின்றார். அந்த ஆண்டிலேயே 3 பவுன் வரி நீங்கியது.

ஆனால் நாம் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொன்னது வேறொரு நிகழ்ச்சி. நேட்டாலில் இருந்தபோது ஆண்ட்ரூஸ் ஒரு தொழிலாளியைப் பார்த்தார். சென்னைச் சீமையிலிருந்து வந்தவர். தோட்டத்திலிருந்து ஓடி, காந்திஜியிடம் அடைக்கலம் தேடி வந்திருந்தார். முதுகெல்லாம் அடிபட்ட தழும்பு. ஆண்ட்ரூஸ் அன்போடு அருகில் போனார். அவருடைய வெள்ளை முகத்தைக் கண்டதும் அந்தத் தொழிலாளி நடுங்கி ஒடுங்கினார். மறுபடியும் அடி விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். தம்மைப் பார்த்து ஒரு மனிதன் அப்படிப் பயப்படுவதை ஆண்ட்ரூஸால் மறக்கவே முடியவில்லை.

"அடி வாங்கியவர் பயப்படத்தானே செய்வார், சார்? அதில் என்ன இருக்கிறது?" என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்விதான். பயந்தவர் செய்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தப் பயத்துக்குத் தாமும் பொறுப்பு என்று ஆண்ட்ரூஸ் எடுத்துக்கொண்டாரே, அதைத்தான் கவனிக்க வேண்டும். அடித்தவன் வேறொருவன், நானா அடித்தேன் என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை.

1915இல் ஆண்ட்ரூஸுக்குக் காலரா கண்டு, பிழைப்பதே அரிதாயிற்று. பிழைத்தெழுந்து சிம்லா மலையில் ஓய்வில் இருந்தார். ஒரு நாள் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் படுத்து, ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றிய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடியதும் நேட்டாலில் பார்த்த அந்தத் தொழிலாளியின் முகம் மனக்கண்ணில் தோன்றியது. பார்த்துக்கொண்டே இருக்கையில் அந்த முகம் இயேசு பெருமானின் முகமாக மாறியதாம். 1932இல் வெளியான தம் வாழ்க்கை நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். இதைக் காட்சி என்பவர் காட்சி என்று கொள்ளட்டும். நோயாளியின் மயக்கம் என்பவர் அப்படியே கொள்ளட்டும். அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். அந்த முகத்தை எண்ணி உட்கார்ந்து செபம் செய்துகொண்டே இருக்கவில்லை. பிஜிக்குக் கப்பல் எப்போது என்று விசாரித்தார்.

பிஜித் தீவுக்கு முதல் கூலிக் கப்பல் 1879 மே மாதம் போயிற்று. 1916 வரை 60,000 பேருக்கு மேல் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். முதலில் எல்லாக் கப்பலும் கல்கத்தாவிலிருந்தே போயின. 1903இலிருந்து சென்னையிலிருந்தும் ஏறத்தாழ 15,000 பேர் போனார்கள். தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசிய அவர்கள், இந்துஸ்தானி பேசுகிறவர்களுக்கு நடுவே நாக்கு இருந்தும் ஊமைகளாய்த் தவித்தார்கள். ஒப்பந்தத்தை நம்மவர்கள் 'கிர்மிட்' என்றார்கள். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் கிராமத்து நாக்கில் உருண்டு அப்படி ஆயிற்று.

அங்கே லயம் எப்படி இருந்தது தெரியுமா? ஓர் அறைக்கு 10 அடி நீளம், 7 அடி அகலம். நாம் பாய் விரித்துப் படுத்தால் எத்தனை பாய் விரிக்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். தனி ஆண்கள் என்றால் மூன்று பேர். குடும்பம் என்றால் புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் எல்லாருக்கும் அதே அறை. இடைச்சுவர் கூரைவரை எட்டாது. ஓர் அறையின் பேச்சு அடுத்த அறைக்குக் கேட்கும். சமையலும் அங்கேதான். ஒரு நாள் வேலையென்று அளந்து கொடுத்ததை முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். முடிக்காவிட்டால் சம்பளம் குறையும். அதோடு போகாது, நீதிமன்றத்துக்கும் இழுப்பார்கள். வேலைக்கு வராதது, பாதியில் விட்டது எல்லாம் சட்டப்படி குற்றம், அபராதம், சிறை. நம் தோட்டங்களில் பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய சம்பளம் போகும். அங்கே சிறைக்கே போக வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடுமை பெண்களின் நிலை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று விதி வைத்துக் கப்பலேற்றினார்கள். குடும்பமாகப் போனவர்கள் குறைவு. ஊரில் தாலி கட்டிய திருமணமும் அங்கே பதிவு செய்யாவிட்டால் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. கண்காணிப்பாளர்களின் தொல்லை ஒரு புறம். ஆண்களுக்குள் பொறாமை, வெட்டு, கொலை ஒரு புறம். குந்தி என்ற பெண் 1912இல் தன்னை நெருங்கிய மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்து மீண்டாள். அந்தச் செய்தி இந்தியப் பத்திரிகையில் வந்தபோது நாடே கொந்தளித்தது. இருபத்தோராண்டு பிஜியில் வாழ்ந்து திரும்பிய தோத்தாராம் சனாத்யா 1914இல் இந்தியில் தம் அனுபவங்களை நூலாக்கினார். இவர்களெல்லாம் கதவைத் தட்டி வைத்தவர்கள். மெதடிஸ்ட் ஊழியர்களான ஹன்னா டட்லி அம்மையாரையும் ஜே. டபிள்யூ. பர்ட்டனையும் இங்கே மறக்கக் கூடாது. அம்மையார் 1897 முதல் சுவா நகரில் தம் வீட்டிலேயே அனாதைப் பிள்ளைகளை வளர்த்துப் படிப்பித்தார். தொழிலாளர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். பர்ட்டன் 1910இல் எழுதிய நூல் தோட்டத்து நிலையை வெளியுலகுக்குக் காட்டியது.

இந்திய அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. இருவர் அடங்கிய குழுவை அனுப்பி விசாரித்தது. அந்தக் குழு 1914இல் கொடுத்த அறிக்கை, குறைகள் உண்டு, ஆனாலும் நன்மையே அதிகம் என்று முடிந்தது. சம்பளத்தையும் மிச்சம் பிடித்த பணத்தையும் கூட்டிப் பார்த்தால் அப்படித் தோன்றியிருக்கலாம். 1915ஆம் ஆண்டின் இறுதியில் ஆண்ட்ரூஸும் பியர்சனும் பிஜிக்குப் போனது, அந்தக் கணக்கில் வராதவற்றைப் பார்க்கத்தான். அவர்களை எந்த அரசாங்கமும் அனுப்பவில்லை. சில வாரங்கள் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். லயங்களுக்குள் நுழைந்து தொழிலாளரோடு உட்கார்ந்து பேசினார்கள். முதலாளிகளையும் மேற்பார்வையாளர்களையும் கண்டு அவர்கள் தரப்பையும் கேட்டுக்கொண்டார்கள். ஆள்பிடிப்பவர்கள் ஊரில் என்ன பொய் சொன்னார்கள், கப்பலேறும்போது எங்கே போவதாக நினைத்தீர்கள் என்றெல்லாம் விசாரித்தார்கள். தற்கொலைகளின் கணக்கை எடுத்தார்கள். இந்தியாவின் ஊர்களில் தற்கொலை எவ்வளவு, பிஜி லயத்தில் எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பிஜியின் எண் பல மடங்கு. ஒப்பந்தக் கூலிகள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று சொல்லி வந்தவர்களுக்கு அந்த எண்ணுக்கு நேரே பதில் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் நாம் ஆசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அன்பு என்றால் கண்ணீர் விடுவது, தானம் கொடுப்பது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆண்ட்ரூஸின் அன்பு நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக இருந்தது. அறையின் நீளம் அகலம், கூலி, அபராதம், சாவு இவற்றை எழுதிக்கொண்டது. நல்ல சமாரியன் காயம் கட்டினான். இவரோ வழியில் கள்ளர் இருப்பதையே நிறுத்தப் பார்த்தார்.

அவர்களின் அறிக்கை 1916இன் தொடக்கத்தில் வெளியாயிற்று. சில திருத்தங்கள் போதாது, இந்த முறையே ஒழிய வேண்டும் என்பது அதன் முடிவு. அதே ஆண்டு மார்ச் மாதம் இந்தியச் சட்ட சபையில் பண்டித மாளவியா ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். கோகலே 1912இல் இதே தீர்மானத்தைக் கொண்டுவந்து தோற்றிருந்தார். இந்த முறை வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு ஏற்றுக்கொண்டார். எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அறிவிப்பில் ஒரு கண்ணி இருந்தது. மாற்று ஏற்பாடு வரும்வரை ஆள்சேர்ப்புத் தொடரும் என்றார்கள். இன்னும் ஐந்தாண்டு அது நீடிக்கப் போகிறது என்று ஆண்ட்ரூஸுக்குத் தெரிய வந்தபோது அவர் ஏமாற்றப்பட்டவராய் உணர்ந்தார். ஹார்டிஞ்ச் பிரபு அவர் நண்பர். அவர் பேச்சை நம்பி மக்களிடம் நற்செய்தி சொன்னவர் ஆண்ட்ரூஸ். அவர் எளிதில் நம்பிவிடுகிறவர் என்ற குறை அவரிடம் உண்டு என்றே நமக்குப் படுகிறது. நம்பியதற்காக வெட்கப்பட்டு ஒதுங்காமல் மறுபடியும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1917இன் தொடக்கத்தில் இந்தியா முழுவதும் கிளர்ச்சி எழுந்தது. பெண்களே தூதுக்குழுவாகச் சென்று வைஸ்ராயைச் சந்தித்தார்கள். அந்த மார்ச்சில், போர்க்காலச் சட்டத்தைக் கொண்டு, ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றுவது நிறுத்தப்பட்டது.

ஏற்கெனவே பிஜியில் சிக்கியிருந்தவர்களின் கதி? அதற்காக அதே 1917இல் அவர் இரண்டாம் முறை தனியாகப் போனார். போகிற வழியில் ஆஸ்திரேலியாவிலும் பேசினார். உங்கள் சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று அந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களிடம் எடுத்துச் சொன்னார். அவர்கள் தங்கள் செலவில் கார்ன்ஹம் என்ற அம்மையாரை அனுப்பி விசாரிக்கச் செய்தார்கள். 1918இல் வந்த அவருடைய அறிக்கையும் அதே துயரத்தையே சொன்னது. 1920 ஜனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. கிர்மிட் முடிந்தது.

நம் மலாயாவின் கதையையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வோம். இங்கே வெல்லெஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களிலும் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தார்கள். அந்த ஆள்சேர்ப்பு 1910இலேயே நின்றது. ஆனால் கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வரும் முறை 1938வரை நடந்தது. நம்மில் பலரின் குடும்பக் கதை அந்தக் கங்காணிக் கப்பலில்தான் தொடங்குகிறது.

பிஜியில் அந்தப் புத்தாண்டு நாளோடு துன்பம் போய்விடவில்லை. போருக்குப் பின் அரிசி, துணி விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. இரண்டு வாரம் கழிவதற்குள் சுவாவில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிறைக் கதவு திறந்தது உண்மை. வெளியே வந்தவன் கையில் அரிசி வாங்கக் காசு இல்லை என்பதும் உண்மை. தென்னிந்தியப் பிள்ளைகளுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுக்கத் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் 1926இல் அங்கே உருவானது. தங்கள் மொழியைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும் வேலையை அம்மக்கள் அப்போது எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்ட்ரூஸை மக்கள் 'தீனபந்து' என்று அழைத்தார்கள். எளியோரின் உறவினர் என்பது பொருள். அவருடைய திருச்சபையினர் எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. 1914இல் அவர் குருப்பணியிலிருந்து விலகிக்கொண்டார். நம்பாதவர்கள் அழிவுக்கே உரியவர்கள் என்று கூறும் பழைய விசுவாசப் பிரமாண வாசகங்களைச் சொல்ல அவர் வாய் வரவில்லை. தாகூரின் சாந்திநிகேதனில் தங்கினார். கதர் வேட்டி உடுத்தினார். கிறிஸ்துவை விட்டுவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அவரோ கடைசிவரை தம்மைக் கிறிஸ்துவின் அடியார் என்றே சொல்லிக்கொண்டார். காந்திஜிக்கு உற்ற நண்பராயினும் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் அல்லர். 1921இல் அந்நியத் துணிகளைக் கொளுத்துவது தவறு, துணியில்லாத ஏழைக்குக் கொடுக்கலாமே என்று நேராகவே எழுதினார். காந்திஜி அதைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார்.

அதே 1921 மே மாதம் அசாமின் சர்கோலாப் பள்ளத்தாக்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், வயிற்றுக்குப் போதாத கூலியை உதறிவிட்டு, மூட்டை முடிச்சோடு ஊருக்கு நடக்கத் தொடங்கினார்கள். சாந்த்பூர் என்ற ஆற்றுத்துறையில் வழியில்லாமல் தேங்கினார்கள். இரவில் ரயில் நிலையத்தில் படுத்திருந்தவர்களைக் கூர்க்காச் சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள். அதன்பின் காலரா பரவியது. செய்தி கேட்டு ஆண்ட்ரூஸ் ஓடி வந்தார். முன்பு காலராவில் சாவைத் தொட்டுத் திரும்பியவர் அவர்; அந்த நோய் என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொண்டர்களோடு சேர்ந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். மிஞ்சியவர்கள் ஊர் போய்ச் சேர வழி செய்யும்படி அதிகாரிகளிடம் மன்றாடினார்.

நண்பர் பியர்சன் 1923இல் இத்தாலியில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார். ஆண்ட்ரூஸ் 1936இல், தம் அறுபத்தைந்தாம் வயதில், மூன்றாம் முறையாகப் பிஜிக்குப் போனார். இருபது ஆண்டுக்கு முன் கூலி லயத்தில் பார்த்தவர்களில் பலர் அப்போது குத்தகை நிலத்தில் சொந்தமாகக் கரும்பு பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். 1940 ஏப்ரல் 5ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். அந்த நகரின் லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கதை முடிந்ததும் முன்பு கேள்வி கேட்ட அதே மாணவன் மறுபடியும் எழுந்தான். "சார், நேட்டாலில் பயந்து ஒடுங்கினாரே, அந்தத் தாத்தா, அவருக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றான். அதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது.